பட்டாம்பூச்சி முடிச்சு

ஜூன் 11, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்கு விழிப்பு. நடை இருபது நிமிடம், முழங்கால் பரவாயில்லை. மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

பதினொரு மணிக்கு நித்திலா குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்தாள். கதிரேசனும் கூட வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை, அதிகம் பேசாதவர். என் மகளுக்கு இது இரண்டாம் திருமணம், அவருக்கும் அப்படியே. தேதியை முடிவு செய்துவிட்டார்களாம். ஆவணி பத்து. காலையில் கோயிலில் தாலி, மதியம் பக்கத்துச் சின்ன மண்டபத்தில் சாப்பாடு, நூற்றைம்பது பேர்.

பத்திரிகை எதற்கு, போனில் சொன்னால் போதாதா என்று கோமதி கேட்டாள். நித்திலா சிரித்தாள்.

"மொத தடவை ஆயிரம் அடிச்சு ஊரெல்லாம் குடுத்தோமேம்மா. இதுக்கு ஒரு இருநூறாவது அடிக்க வேணாமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் பண்ணணும்ப்பா. உங்க ஜப்பான் மாதிரி. சுத்திலும் காலியா விட்டு" என்றாள்.

சரி என்றேன். மதியம் வத்தக்குழம்பு இறங்கவில்லை. குழம்பில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, திங்கள்

புதிய உறை எடுத்து எண் போட்டேன்: 2904. வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 14, புதன்

தொழிலை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பழக்கம் போகவில்லை. வரைகலை வேலை எது வந்தாலும் ஒரு காக்கி உறை, ஓர் எண். உறையின் மேல் என் கையெழுத்தில் ஐந்து கட்டங்கள்: பெற்ற நாள், முதல் மெய்ப்பு, இறுதி மெய்ப்பு, அச்சுத் தட்டு, அச்சு. எல்லா உறைகளும் பீரோவில் எண் வரிசையில் இருக்கின்றன. கோமதி அதை என் சுடுகாடு என்பாள்.

இன்று தேடியது உறையை அல்ல, ஒசாகா நோட்டுப் புத்தகத்தை. 1984இல் நான் வேலை பார்த்த கம்பெனி என்னை அச்சுப் பயிற்சிக்காக நான்கு மாதம் அங்கே அனுப்பியது. இயந்திரங்களைப் பற்றி நான் கற்றதெல்லாம் பத்து வருடத்தில் காலாவதியாகிவிட்டது. நிலைத்தது, விடுதிக்கு எதிரே காகிதக் கடை வைத்திருந்த ஒகாமோட்டோ அம்மையாரிடம் மாலை வேளைகளில் கற்றதுதான். அவருக்கு அப்போது அறுபது இருக்கும். அன்பளிப்பு உறைகளின் மேல், முறுக்கிய காகித நூலால் முடிச்சுப் போடுவார். ஒரு வெள்ளை உறை, நடுவே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு முடிச்சு, சுற்றிலும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு அவர்கள் மொழியில் 'மா' என்று பெயர். அது மிச்சம் விழுந்த இடம் அல்ல, வேண்டுமென்று விட்ட இடம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். திரும்பி வந்து அச்சகம் நடத்தும் என் நண்பர் சவரிராயனிடம் சொன்னேன். "மாவா? அரைச்சு எடுத்துட்டு வந்தீங்களா சார்?" என்றார்.

அந்த ஒரு முடிச்சையும் அந்த வெற்றிடத்தையும் வைத்துத்தான் முப்பது வருடம் திருமணப் பத்திரிகைகள் வடிவமைத்தேன். பிள்ளையார் எங்கே, வாழைமரம் எங்கே என்று கேட்டார்கள். ஒருவர் மெய்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீதியை எப்போது அடிப்பீர்கள் என்றார். பிறகு அதையே தேடி வந்தார்கள். எனக்கு ஏதாவது பெயர் இருந்தால் அது அந்த முடிச்சால் வந்த பெயர்.

நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு முடிச்சுகள் வரைந்திருக்கிறேன். ஒன்று பட்டாம்பூச்சி முடிச்சு, இரண்டு காதும் இரண்டு வாலும் உள்ளது. கீழே என் எழுத்து: 'நுனியை இழுத்தால் அவிழும். மீண்டும் மீண்டும் வரவேண்டிய நல்லவற்றுக்கு. குழந்தை பிறப்பு, பதவி உயர்வு. திருமணத்துக்குக் கூடாது.' மற்றது இறுக்கு முடிச்சு: 'அவிழாது. வாழ்வில் ஒருமுறைக்கு மட்டும். திருமணம். சாவுக்கும் இதுவே.'

மூன்று முறை படித்தேன். நித்திலாவின் முதல் திருமணப் பத்திரிகையில் நான் போட்டது பட்டாம்பூச்சி முடிச்சு. பார்க்க அழகாக இருந்ததால் எல்லாருக்கும் அதையே போட்டிருக்கிறேன். கூடாது என்று என் கையாலேயே எழுதி வைத்துவிட்டு, மறந்து போட்டிருக்கிறேன்.

ஜூன் 15, வியாழன்

கோமதியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்போ அந்தக் கல்யாணம் முறிஞ்சதுக்குக் காரணம் உங்க முடிச்சு. கட்டினவன் காரணம் இல்ல."

அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதீங்க. படிச்சவர்னு நெனைச்சுட்டு இருக்காங்க."

அவள் சொல்வது சரி. ஆனாலும் நாள் முழுவதும் முடிச்சைப் பற்றியே யோசித்தேன். இப்போது எதைப் போடுவது? இறுக்கு முடிச்சு போட்டால், 'ஒருமுறை மட்டும்' என்பது அவர்கள் இருவருக்கும் ஒரு குத்தல்போல் ஆகிவிடாதா? பட்டாம்பூச்சி போட்டால், மறுபடியும் அவிழட்டும் என்றாகிவிடாதா? சென்னையில் இதைப் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது தெரிகிறது. தெரிந்தும் விடமுடியவில்லை.

முடிச்சைப் பற்றி யோசிப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 19, திங்கள்

அளவு பார்ப்பதற்காகப் பழைய உறை 2117ஐ எடுத்தேன். அவளுடைய முதல் பத்திரிகை, 2010. மேலே இருந்த தேதிகளைப் பார்த்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

அளவு எனக்கு மனப்பாடம்தான்.

ஜூன் 22, வியாழன்

இறுக்கு முடிச்சே போட்டேன். வாசகங்களைக் கோத்தேன். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்று ஆரம்பித்து, 'தங்கள் வரவை விரும்பும் சபாநாதன் – கோமதி' என்று முடித்தேன். முதல் மெய்ப்பு எடுத்தேன். என் கண்ணில் பிழை ஒன்றும் படவில்லை. என் கண்ணை நான் நம்புவதில்லை, நித்திலா பார்க்கட்டும்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கோடை விடுமுறையில் என் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெய்ப்பு பார்ப்பாள். குறிகள் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வேண்டாத எழுத்தை அடிப்பது, இடம் விடச் சொல்லும் குறி, சேர்க்கச் சொல்லும் குறி. அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். தவறாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லின் கீழே புள்ளி புள்ளியாக வைத்தால், 'அடித்தது அடித்தபடி இருக்க, சொல் இருக்கட்டும்' என்று பொருள். அச்சுக்கோப்பவர் அந்தச் சொல்லை எடுக்கமாட்டார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத் தமிழில் மெய்யெழுத்தின் இலக்கணம் நடத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. "மேல புள்ளி வெச்சா உயிர் போயிடும். கீழ புள்ளி வெச்சா உயிர் வந்துடும். இல்லப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அதைவிட நன்றாக யாரும் அதை எனக்கு விளக்கியதில்லை.

ஜூன் 25, ஞாயிறு

நித்திலா வந்தாள். மெய்ப்பைக் கையில் தூக்கி, தூரமாக வைத்துப் பார்த்தாள். நல்லா இருக்குப்பா, அனுப்பிடுங்க என்றாள். மாலை வரை இருந்தாள். கோமதிக்கு முதுகு வலி. அவள் படித்த இயன்முறை வைத்தியம்தானே, தரையில் படுக்கவைத்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

சவரிராயன் போன் செய்தார். கோப்பு வரவில்லையே என்றார். சிவப்பின் சாயல் சரியில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூன் 29, வியாழன்

மீண்டும் சவரிராயன்.

"சார், தட்டு போடட்டா, வேணாமா? சிவப்பு சிவப்பாத்தான் சார் இருக்கும்."

இன்னும் இரண்டு நாள் என்றேன். சிவப்பில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 1, சனி

எழுதிவிடுகிறேன்.

2010 ஏப்ரல் 8, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி. கோமதி கடைக்குப் போயிருந்தாள். நித்திலா என் மேசையருகே வந்து நின்றாள். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நின்றபடியே சொன்னாள்.

"அப்பா, இதை நிறுத்த முடியுமா? அவர் போன்ல பேசினா எனக்குப் பயமா இருக்கு."

என்ன பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. பையன் என் மேலதிகாரியின் அக்கா மகன். நான் போய் அவர் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்லவேண்டி வரும். என் மனத்தில் முதலில் வந்தது அவர் முகம். மகளின் முகம், எதிரிலேயே நின்றும், இரண்டாவதாகத்தான் வந்தது.

"பத்திரிகை அச்சாயிடுச்சும்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். உள்ளே போனாள்.

பத்திரிகை அச்சான பிறகு நிறுத்துவது என்றால் எங்கள் குடும்பங்களில் என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் என் வாயில் வந்தது. அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேசமுடியாத சொல் அது.

உறை 2117இன் மேல் என் கையெழுத்து. இறுதி மெய்ப்பு: 8.4.2010. தட்டு: 9.4.2010. அச்சு: 10.4.2010.

அவளை அங்கே அனுப்பினோம். நான்கு வருடம். அவன் அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்திருந்தான், வேலைக்குப் போகக்கூடாது என்று. ஒருமுறை ஒன்பது மாதம் அவளிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்திருக்கிறான். இதெல்லாம் அவள் ஒரு பெட்டியுடன் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அவள் அன்றே சொல்ல வந்திருந்தாள். இடம் விடுவதைப் பற்றி ஊருக்கெல்லாம் பேசியவன், அவளுக்குப் பேச இடம் விடவில்லை.

இதை முடிச்சின் தலையில் கட்டப் பார்த்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்தரைக்கு நித்திலா வந்தாள், தனியாக. செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று கேட்டாள்.

"சவரி அங்கிள்கிட்ட பேசினேன். நீங்க இன்னும் கோப்பே அனுப்பலையாம். ஏன்ப்பா இழுத்தடிக்கிறீங்க? உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லையா?"

அவள் அப்படி நினைக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவசரமாக இல்லை என்றேன். பிறகு, முடிச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஒசாகா நோட்டையும் காட்டினேன். பாதியில் அவள் சிரித்துவிட்டாள்.

"அவிழுற முடிச்சைப் போட்டதுக்கா இவ்ளோ யோசனை? நல்லவேளைப்பா, அவிழ வந்துச்சு. நீங்க சொல்ற இன்னொண்ணைப் போட்டிருந்தா நான் என்னத்துக்கு ஆகியிருப்பேன்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் சமாதானமாகிவிட்டாள், செருப்பைக் கழற்றப் போனாள். அதற்கப்புறம் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பீரோவைத் திறந்து 2117ஐ எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தேதிகளைப் பார் என்றேன்.

பார்த்தாள். அவளுக்கு என் கட்டங்கள் தெரியும், சின்ன வயதிலிருந்து.

"எட்டாம் தேதி மெய்ப்பு. பத்தாம் தேதி அச்சு" என்று படித்தாள். பிறகு மெதுவாக, "நான் எட்டாம் தேதிதான வந்தேன்? உங்ககிட்ட?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு அச்சாயிடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆகலை. மெய்ப்பு மேசையிலதான் இருந்துச்சு. நீ நின்ன இடத்துக்குப் பக்கத்துல. நீ வர்றதைப் பார்த்ததும் அது மேல பேப்பரை விரிச்சுப் போட்டேன். ஏன் போட்டேன்னு அப்போ தெரியாது. நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு போல."

கோமதி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது.

நித்திலா உறையை மேசையில் வைத்தாள். விளிம்பு மேசை விளிம்போடு ஒட்டி நிற்கும்படி சரிசெய்தாள், நான் செய்வதுபோலவே. "நாலு வருஷம்ப்பா" என்றாள். குரல் உயரவில்லை. மேசையில் இருந்த புதிய மெய்ப்பை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது அவளிடம் இன்னும் ஒன்றைக் கேட்பதாகிவிடும் என்று தோன்றிற்று. அல்லது இதுவும் கோழைத்தனம்தானா, தெரியவில்லை.

ஜூலை 3, திங்கள்

கோமதி காலையில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"என்கிட்டயும் அச்சாயிடுச்சுன்னுதான சொன்னீங்க. கடையிலேருந்து வந்தவ, பத்திரிகை என்னாச்சுன்னு கேட்டேன்."

காபியைக் கையில் கொடுப்பாள். இன்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 5, புதன்

நடை. தண்ணீர். மாத்திரை. போன் இல்லை.

ஜூலை 7, வெள்ளி

சவரிராயன் பேசினார். அடுத்த வாரம் பாடப்புத்தக வேலை வந்துவிடும், பிறகு இயந்திரம் கிடைக்காது, இப்போதே அனுப்பினால்தான் உண்டு என்றார். கோப்பு என்னிடம் தயாராக இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும்.

பெண் இன்னும் சொல்லவில்லை என்றேன்.

"கல்யாணத் தேதி நெருங்குதே சார். நீங்க பார்த்துச் சொன்னா ஆகாதா?"

ஆகாது என்றேன். அவரிடம் இப்படி நான் பேசியதில்லை. அவரும் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

ஜூலை 9, ஞாயிறு

வரவில்லை. பதினொரு மணி வரை கோமதி வாசலைப் பார்த்தாள். பிறகு மூன்று பேருக்கு வைத்த சாதத்தில் ஒரு பங்கை எடுத்து மோர்சாதத்துக்கு என்று மூடி வைத்தாள். நித்திலாவின் பத்திரிகையில் என் பெயர் இருக்குமா என்று யோசித்தேன். இல்லாவிட்டாலும் அது முறைதான். கல்யாணம் நடந்தால் போதும்.

ஜூலை 11, செவ்வாய்

மாலை ஐந்தரைக்கு அழைப்பு மணி. கதிரேசன் நின்றார். பணி முடிந்து வந்திருக்கிறார், காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே வரச் சொன்னேன். இன்னொரு நாள் வருகிறேன் என்றார். கையில் ஓர் உறை.

"நித்திலா குடுக்கச் சொன்னாங்க சார். திருத்தியிருக்காங்களாம்." படியில் இறங்கியவர் நின்று திரும்பி, "அவங்க என்கிட்ட எல்லாம் சொன்னாங்க சார்" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. போய்விட்டார்.

மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு பிரித்தேன். மெய்ப்பு நான்காக மடிந்திருந்தது. நீலப் பந்துமுனைப் பேனா.

'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்ற வரியை ஒரே கோட்டில் அடித்திருந்தாள். ஓரத்தில் நீக்கற்குறி, நான் சொல்லிக்கொடுத்தபடியே.

இறுக்கு முடிச்சைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில்: 'பழையதையே போடவும். அவிழ வர வேண்டும்.'

கீழே, 'தங்கள் வரவை விரும்பும்' என்பதற்கு அடியில் 'கோமதி' அப்படியே இருந்தது. 'சபாநாதன்' அடிக்கப்பட்டிருந்தது. மிக அழுத்திப் போட்ட கோடு. தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தேன். பின்பக்கம் வரம்புபோல் மேடிட்டிருந்தது.

அடித்த பெயரின் கீழே புள்ளிகள் இருந்தன. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அவை நீலப் பேனா அல்ல, பென்சில். கோடு போட்ட அன்றே வைத்தவையாக இருக்காது. எழுத்துக்கு ஒன்றாக ஐந்து புள்ளிகள். கடைசி எழுத்தான 'ன்' என்பதற்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி.

'பெரியோர்கள் நிச்சயித்தபடி'யின் கீழே புள்ளி இல்லை. இரண்டு முறை பார்த்தேன். இல்லை.

கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். புள்ளிகளுக்கு என்ன பொருள் என்று கேட்டாள். சொன்னேன். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோடு அப்படியே இருக்குல்ல?" என்றாள். இருக்கும் என்றேன். கோட்டை அழிக்கும் குறி அல்ல அது.

இறுக்கு முடிச்சை எடுத்துவிட்டுப் பட்டாம்பூச்சி முடிச்சை வரைந்தேன். இரண்டு காது, இரண்டு வால். வாலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டேன், பிடித்து இழுப்பதற்கு வசதியாக. வரியை எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை, காலியாகவே விட்டேன்.

எல்லாம் முடிந்ததும் சவரிராயனுக்கு அனுப்பும் முன் நித்திலாவுக்குப் போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தாள். ரயிலில் இருந்தாள், இரைச்சல். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்கவில்லை.

"நித்தி, இன்னும் அச்சாகலைம்மா" என்றேன். "வேணாம்னா இப்பவும் வேணாம். யார்கிட்ட வேணும்னாலும் நான் போய்ச் சொல்றேன்."

நெடுநேரம் ரயில் சத்தம்தான் கேட்டது. ஏதோ நிலையம் வந்து, கடந்து போயிற்று. நான் காத்திருந்தேன்.

"போடச் சொல்லுங்கப்பா" என்றாள்.